பிரிண்டர் நின்றதற்காகப் புது பில் போடாதீர்கள்

கான்சாபுரத்தில் எங்கள் மொத்தக் கடை வாசலில் ஒருநாள் சாயங்காலம் குட்டியானை ஒன்று எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டு நின்றது. கூமாபட்டிக் கடைக்குப் போகவேண்டிய சரக்கு. கல்லாவில் இருந்த தம்பி பில் போட்டு அச்சுக்குக் கொடுத்தார். பின்பக்கக் கிட்டங்கியில் உள்ள பிரிண்டர் அசையவில்லை. இன்னும் நாலு தடவை கொடுத்தார். டிரைவர் அவசரப்படுத்தவே, அதே சரக்குக்குப் புதிதாக இன்னொரு பில் போட்டு, அதைப் பக்கத்துக் கடையில் அச்செடுத்துக் கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டார். இரவு கிட்டங்கிக் கம்ப்யூட்டரை ஒருவர் தட்டி எழுப்பியதும், தேங்கிக் கிடந்த அத்தனையும் கடகடவென்று அச்சாகி வந்தன.

காகிதம் வீணானதைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே சரக்குக்கு இரண்டு பில் எண் ஆகிவிட்டது. கூமாபட்டிக்காரர் கணக்கில் பற்று இரண்டு தடவை ஏறியது. இருப்பிலும் டின்கள் குறைந்தன. மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்டபிறகுதான் விஷயம் எங்களுக்கே தெரிந்தது.

அச்சு வராவிட்டால் செய்யவேண்டிய முதல் காரியம், போட்ட பில்லையே மறுபடி திறந்து மறுபிரதி எடுப்பதுதான். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 1.8.2023 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமாகியுள்ளது. அவர்கள் தவறாகப் போட்ட இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதற்குமேல் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். இ-வே பில்லுக்கும் அதே 24 மணி நேரம்தான். வழியில் அதிகாரி சோதித்திருந்தால் அதுவும் கிடையாது.

இனி, பிரிண்டர் ஏன் நின்றது என்று பார்ப்போம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி சரக்கு விற்பனைக்கு மூன்று பிரதி பில் வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. மூன்றடுக்குக் காகிதத்தில் ஒரே அடியில் மூன்றும் விழுவதால்தான் பழைய டாட் மேட்ரிக்ஸை நம்மில் பலர் இன்னும் விடவில்லை. (லேசர் வாங்கச் சொல்லும் பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை.) ஆனால் இந்த வகைப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை தாமாக நெட்வொர்க்கில் சேராதவை. ஒரு கம்ப்யூட்டரில் ஒயர் மூலம் மாட்டி, அதன் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஆகவே பிரிண்டர் நன்றாக இருந்தாலும், அதைத் தாங்கும் கம்ப்யூட்டர் தூங்கினால் கல்லாவில் அச்சு வராது. எங்கள் கடையில் நடந்தது இதுதான். அந்தக் கம்ப்யூட்டரின் பவர் அமைப்பில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்றி வைத்தோம், தொல்லை தீர்ந்தது.

தூங்காமலும் நின்றால், முதலில் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் ஒயர், காகிதம், ரிப்பன், இல்லாவிட்டால் 'ஸ்பூலர்' என்னும் வரிசைக்காரன். அச்சுக்கு வரும் வேலைகளை வாங்கி வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவது ஸ்பூலரின் வேலை. முதல் வேலை சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் தேங்கும். வரிசையைத் திறந்து சிக்கியதை நீக்குங்கள். நீங்காவிட்டால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி நீக்குங்கள்.

அங்கே வந்து கல்லாவில் மட்டும் வரவில்லை என்றால் பழுது வழியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா என்று பாருங்கள். கிட்டங்கிக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரூட்டர் வாங்கி மாட்டிய கடைகளில், ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தனித்தனி வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டிலும் இன்டர்நெட் வரும். ஆனாலும் பில் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் தெரியாது. அடுத்தது, விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கலாம். கடைக்குள் அதை 'பிரைவேட்' என்று வைக்க வேண்டும். பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மற்றதில் புதியதைக் கொடுக்காமல் விட்டாலும் இதே கதைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும், 11பி என்று முடியும் பிழை எண் திரையில் வந்தால் அது வேறு விவகாரம். 2021 ஜூலையில் விண்டோஸ் ஸ்பூலரில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 'பிரிண்ட்நைட்மேர்' என்று அதற்குப் பெயர். ஸ்பூலர் முழு அதிகாரத்தோடு ஓடுவதால், அதன் வழியே நுழைபவர் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம். மைக்ரோசாஃப்ட் 6.7.2021 முதல் அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. வேறொரு ஸ்பூலர் ஓட்டைக்காக அந்த ஆண்டு ஜனவரியில் கொண்டுவந்த கட்டுப்பாடு ஒன்றும் 14.9.2021 திருத்தத்தோடு கட்டாயமானது. அதன்பிறகு, பகிர்ந்த பிரிண்டரோடு பேசும் கம்ப்யூட்டர்கள் கூடுதல் பாதுகாப்போடு பேசியாக வேண்டும். ஒன்று புதுப்பிக்கப்பட்டு மற்றது பழையதாக இருந்தால் பேச்சு முறிந்துவிடும். உலகம் முழுவதும் அலுவலகங்களில் பிரிண்டர்கள் அந்த வாரம் நின்றுபோயின.

மெக்கானிக்கை அழைத்தால், ரெஜிஸ்ட்ரியில் ஒரு பூஜ்யத்தைப் போட்டு அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டுப் போவார். அச்சும் உடனே வரும். ஆனால் அது பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கதவு எளிதாகத் திறக்கிறது என்று சொல்வது போன்றது. நம் பாக்கிப் பட்டியல், கொள்முதல் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இரண்டு கம்ப்யூட்டர்களையும் முழுமையாக அப்டேட் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. அதற்கும் பழைய விண்டோஸ் 7-ஐக் கல்லாவில் வைத்திருப்பவர்கள் பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை.

நெட்வொர்க் வசதி உள்ள லேசர் வைத்திருப்பவர்கள் நடுவில் கம்ப்யூட்டரே இல்லாமல் அதை நேரே ரூட்டரில் சேர்த்துவிடலாம். அதில் ஒரு சங்கடம் உண்டு. கரண்ட் போய் வந்தால் ரூட்டர் முகவரிகளை மாற்றிக் கொடுக்கக்கூடும். நேற்று 5-ஆம் எண்ணில் இருந்த பிரிண்டர் இன்று 8-இல் இருக்கும். கம்ப்யூட்டர் 5-ஐயே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டர் அமைப்பில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கச் சொல்லுங்கள். எங்கள் அலுவலக லேசருக்கு 50 என்று ஒதுக்கி, அதை ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருக்கிறோம். கிட்டங்கிக் கம்ப்யூட்டரில் ஒட்டிய சீட்டில் 'வேலை முடிந்தாலும் அணைக்காதே' என்று இருக்கிறது. அதைக் கல்லாத் தம்பியே எழுதி ஒட்டினார்.