பழைய ஸ்டீரியோவும் புதிய கம்ப்யூட்டரும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் 1986-ஆம் ஆண்டிலிருந்து ஒரு ஸ்டீரியோ இருக்கிறது. ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு கேசட் டெக், மரப்பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்கள். அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்தபோது, டில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்து வாங்கியது. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸை விட்டு மயூர் விஹாருக்கு வந்தபோது லாரியில் ஏற்றாமல், தம் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டு வந்தார். அவர் காலமான பிறகும் காலை ஆறு மணிக்கு அதில் சுப்ரபாதம் போடுவது அம்மாவின் வழக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் கேசட் டெக் நின்று போயிற்று. "எல்லாம் போனிலேயே இருக்கே பாட்டி" என்று என் மகன் போட்டுக் காட்டினான். அம்மாவுக்கு வயது 79. காது சற்று மந்தம். போனின் சின்னச் சத்தம் அவளுக்கு எட்டவில்லை. அதைவிட, ஒவ்வொரு பாட்டுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. சில நாள் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். காலை நேரம் வெறிச்சென்று ஆயிற்று. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது கபாடிவாலாவுக்குப் போடவேண்டிய சாமான்களில் ஸ்டீரியோவும் சேர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம்மில் பலர் வீட்டில் இதே நிலைதான் இருக்கும். ஆகவே நான் செய்ததையும், செய்த தவறுகளையும் எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபையருக்குப் பேதம் தெரியாது

முதலில் ஒரு விஷயம். கெட்டுப் போனது டெக் மட்டுமே. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நன்றாகவே இருந்தன. சத்தம் கேசட்டிலிருந்து வருகிறதா, கம்ப்யூட்டரிலிருந்து வருகிறதா என்பது ஆம்ப்ளிஃபையருக்குத் தெரியாது. மின் அலையாக எது வந்தாலும் அதைப் பெரிதாக்கிக் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளைக்கும் ஆம்ப்ளிஃபையரின் முதுகுக்கும் நடுவே சரியான ஒயர் ஒன்று இருந்தால் போதும்.

அந்த ஒயரின் ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின் இருக்கும். மறு முனையில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்சிஏ பின்கள். சிவப்பு வலது ஸ்பீக்கருக்கு, வெள்ளை இடதுக்கு. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் சிலவற்றில் ஆர்சிஏ துளைகளுக்குப் பதிலாக ஐந்து ஓட்டைகள் கொண்ட வட்டமான 'டின்' சாக்கெட் இருக்கும். அதற்கும் மாற்று ஒயர் கிடைக்கிறது.

நான் செய்த முதல் தவறு, 'ஃபோனோ' என்று எழுதியிருந்த துளையில் செருகியது. ஸ்பீக்கர் அலறியது, அம்மா பூஜை அறையிலிருந்து ஓடி வந்தாள். ஃபோனோ என்பது இசைத்தட்டுக்கானது. இசைத்தட்டின் ஊசி தருவது ஒரு வோல்ட்டில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்ப்யூட்டர் தருவதோ ஏறக்குறைய ஒரு வோல்ட். தவிர, இசைத்தட்டில் கீழ்ஸ்வர ஒலியைக் குறைத்தும் மேல்ஸ்வர ஒலியைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். ஃபோனோ துளை அதைத் திருப்பிச் சரிசெய்யும். ஆகவே 'ஆக்ஸ்', 'டேப்', 'சிடி', 'டியூனர்' என்று எழுதிய துளைகளில்தான் செருக வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டுச் செருகுங்கள். கம்ப்யூட்டர் வால்யூமை முக்காலுக்கு மேல் வைத்துக்கொண்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபையரில் செய்வது நல்லது.

'உம்ம்' என்ற இரைச்சல்

பாட்டு வந்தது, கூடவே தம்புராவுக்குப் போட்டியாக ஒரு 'உம்ம்' சத்தமும் வந்தது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. செருகினால் திரும்ப வந்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. அந்த அதிர்வு எர்த் ஒயர் வழியாகவும் சார்ஜர் வழியாகவும் பாட்டு ஒயருக்குள் கசிகிறது. இரண்டு சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதில் பாதி குறைந்தது. மீதிக்கு, நடுவில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறிய பெட்டியைப் போட்டேன். அதில் இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். பாட்டை விடும், எர்த் தொடர்பை அறுக்கும். விலையும் அதிகமில்லை.

ஒரு கடைக்காரர், "மூன்றாவது பின்னை உடைத்துவிடுங்கள் சார், இரைச்சல் போய்விடும்" என்றார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் பின் உயிரைக் காக்க இருப்பது.

அடுத்த வசதி யூஎஸ்பி 'டாக்' என்னும் கருவி. எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரின் உள்ளே செய்யாமல் வெளியே செய்வது. மவுஸை நகர்த்தினால் கேட்கும் கீச்சுச் சத்தம் இதனால் பெரும்பாலும் போய்விடும்.

எந்தக் கம்ப்யூட்டர்?

வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே போதும். மூடி வைத்தாலும் தூங்காதபடி அமைத்துவிட்டு, மெயில் வந்தால் 'டிங்' என்று அடிப்பதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆலாபனை நடுவே அதுவும் பாடும். நாங்கள் உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை என்ற கம்ப்யூட்டரை வாங்கினோம். 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மின்விசிறி இல்லாத மாதிரிகளில் சத்தமே கிடையாது, மின்சாரமும் சொற்பம். வால்யூமியோ போன்ற மென்பொருளை அதில் ஏற்றினால் வைஃபை வழியாக இணையப் பாட்டுகளும், வானொலியும், நம் சொந்தப் பாட்டுகளும் ஸ்டீரியோவில் ஒலிக்கும். போனே ரிமோட் ஆகிவிடும். இவ்வளவு வேண்டாம் என்பவர்கள் ஆம்ப்ளிஃபையரில் ஒரு புளூடூத் ரிசீவரைச் செருகலாம். ஆனால் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாட்டும் நின்றுவிடும்.

எங்களுக்கு வேறொரு பிரச்னை இருந்தது. போன் ரிமோட் என்றால் அம்மா மறுபடியும் பேரனைத்தான் கூப்பிட வேண்டும். யோசித்ததில், எண்கள் மட்டும் உள்ள சிறிய யூஎஸ்பி கீபோர்டு ஒன்றை வாங்கினோம். மகன் சின்ன புரோகிராம் எழுதினான். 1 அமுக்கினால் சுப்ரபாதம், 2 கர்நாடக சங்கீதம், 3 பழைய சினிமாப் பாட்டு, 4 சென்னை வானொலி, 0 அமுக்கினால் நிறுத்தம். பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு யாரும் எழுப்பாமல் நாங்கள் எல்லோரும் எழுந்துகொண்டோம்.

இணையத்தில் கிடைக்காத பாட்டு

ஒரு வாரம் கழித்து அம்மா கேட்டாள்: "ஏண்டா, நம்ம கொலுப் பாட்டு இதுல வராதா?"

1991 நவராத்திரியில் குவார்ட்டர்ஸ் பெண்மணிகள் எங்கள் வீட்டில் பாடியதை அப்பா டூ-இன்-ஒன்னில் பதிவு செய்திருந்தார். பாடியவர்களில் மூவர் இன்று இல்லை. கோடிப் பாட்டுகள் உள்ள இணையத்தில் அது எங்கே இருக்கும்? உலகத்தில் இருப்பது அந்த ஒரே கேசட்தான்.

அதற்காகவே டெக்கைப் பழுது பார்த்தேன். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றியதும் ஓடியது. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, டெக்கின் 'லைன் அவுட்'டை யூஎஸ்பி ஒலிப்பதிவுக் கருவி வழியாக லேப்டாப்பில் இணைத்தேன். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். அதில் ஸ்டீரியோ வராது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துப் பதியலாம். ஒலியின் உச்சம் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரம் ஏறக்குறைய 635 எம்பி வரும். ஃப்ளாக் முறையில் சேமித்தால் தரம் சிறிதும் குறையாமல் ஏறக்குறைய பாதியாகும்.

பிறகு வருடம், இடம், பாடியவர் பெயர் எழுதி வையுங்கள். பெயர் எழுதாத பதிவு விலாசம் எழுதாத கடிதம் மாதிரி. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

அந்தப் பதிவு இப்போது 7-ஆம் எண்ணில் இருக்கிறது. நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அதை நான் வெட்டவில்லை. அம்மா அதைத் தினமும் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு மட்டும் போடுகிறாள். 45 வயதுக் குரலோடு 79 வயதுக் குரலும் சேர்ந்து பாடுகிறது.

ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் இப்படி எத்தனை கேசட்டுகள் பரணில் இருக்கின்றனவோ! சினிமாப் பாட்டு எங்கும் போய்விடாது. நம் வீட்டுப் பாட்டை நாம் எடுத்து வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்கள்? கபாடிவாலாவைக் கூப்பிடுமுன் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். ஒயர் எங்கே செருகுவது என்று சந்தேகம் வந்தால், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் என்னைப் பிடித்துக் கேளுங்கள். கேசட்டையும் கொண்டு வாருங்கள்.