அந்தீஸ் மலைநாட்டுப் பின்னற்கலையும் குழந்தைச் சட்டையும்

கைத்தொழில்களுட் சில, தோன்றிய நாட்டினின்றும் பிறிதொரு நாட்டிற்குச் சென்று, சென்றவிடத்தே புதியதோர் உருவம் பெற்று வளர்வனவாம். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டுப் பின்னற்கலை இதற்குத் தக்க சான்றாகும்.

அம்மலைநாட்டார் நெசவுத் தொழிலிற் பல்லாயிரம் ஆண்டுப் பயிற்சியுடையர். ஆயினும், ஊசிகளாற் கம்பளி பின்னுந் தொழில், 1532 ஆம் ஆண்டிற் பெரு நாட்டிற் படையெடுத்துப் புகுந்த ஸ்பானியரது ஆட்சியின் பின்னரே அங்குப் பரவியது. செம்மறியாடும் அவர்களோடு வந்ததே. வந்த கலையை அம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர். ஏறக்குறைய 3,800 மீற்றர் உயரத்திலுள்ள தித்திக்காக்கா ஏரியின் தக்கிலே தீவில் ஆடவர் பின்னுகின்றனர், மகளிர் நெய்கின்றனர். இத்தீவின் துணிக்கலையை மனுக்குலத்தின் அரும்பெரும் மரபுச் செல்வங்களுள் ஒன்றென யுனெஸ்கோ 2005 ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்தது.

பின்னலாவது, நூல் வளையமொன்றினூடே நூலை இழுத்துப் பிறிதொரு வளையம் ஆக்குதலாம். அவ்வளையத்தைக் கண்ணி என்போம். பின்னலின் நேர்ப்புறம் வழுவழுப்பாகவும், மறுபுறம் மேடுபள்ளமாகவும் இருக்கும். நம்மிற் பலர் நேர்ப்புறத்தை நோக்கிப் பின்னுவர். அந்தீஸ் மக்களோ ஐந்து ஊசிகளால் வட்டமாகப் பின்னுங்கால், மறுபுறத்தையே தம்மை நோக்கி வைத்துக்கொள்வர். நூலைக் கழுத்தைச் சுற்றியேனும், மார்பிற் குத்திய கொளுக்கியூடாகவேனும் கொணர்ந்து, இடக்கைப் பெருவிரலால் ஊசிமீது தள்ளுவர்.

இதனாலாய பயன் யாது? இரு நிற நூல்களாற் பூவேலை செய்யும்போது, ஒரு நிறம் கண்ணியாகுங்கால் மற்றது மறுபுறத்தே தொங்கிச் செல்லும். அது இறுகினாற் சட்டை சுருங்கும். நீண்டு தளர்ந்தாற் குழந்தையின் விரல் அதிற் சிக்கும். மறுபுறம் கண்முன் இருப்பின், அந்நூலை அளவாக விடவும், இடையிடையே மற்ற நூலோடு முறுக்கிப் பிணைக்கவும் எளிதாம்.

இம்முறையிற் குழந்தைக்குக் கார்டிகன் பின்னுமாற்றைக் காண்போம். குழந்தையின் மார்புச் சுற்றளவு 56 சென்ரிமீற்றர் என்க. தளர்ச்சிக்கு 8 கூட்ட 64 ஆகும். முதலிற் சிறு மாதிரியொன்று பின்னி அளத்தல் வேண்டும். அதிற் 10 சென்ரிமீற்றருக்கு 24 கண்ணிகள் அமையின், 64 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 154 கண்ணிகள் வேண்டும். பூக்கோலம் எட்டுக் கண்ணிக்கு ஒருமுறை மீளுமாயின், எட்டின் மடங்காகிய 152 கண்ணிகளைக் கொள்ளலாம்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. அந்தீஸ் பின்னல் வட்டமானது. கார்டிகனோ முன்புறம் திறப்பது. இதற்கு வட ஐரோப்பியர் முறையொன்று துணைசெய்யும். முன்புறத்தே ஏழு கண்ணிகளை மிகையாகச் சேர்த்து வட்டமாகவே பின்னி முடித்து, அவற்றின் நடுக்கண்ணிக்கு இருமருங்கும் நெருக்கமாகத் தைத்து, நடுவே கத்தரித்தல் வேண்டும். பின்னர் ஓரங்களிற் பட்டி பின்னிப் பொத்தான் வைக்கலாம். இதற்குச் செம்மறியாட்டுக் கம்பளியே ஏற்றது. அல்பாக்கா மயிர் மென்மையாயினும் வழுக்குந் தன்மையது; வெட்டிய கண்ணிகள் கழன்றுவிடும்.

அந்தீஸ் கோலங்களை மட்டும் பார்த்து எழுதுதல் அக்கலையைக் கற்றதாகாது. பிறர் காணாத மறுபுறத்தைக் கண்முன் வைத்துத் தொழில்செய்யும் ஒழுங்கே அதன் உயிர்நாடி. காண்போர் சட்டையின் நேர்ப்புறத்தைப் புகழ்வர். அணியுங் குழந்தையின் உடலைத் தொடுவது மறுபுறமே என்பதை மறத்தலாகாது.