ஒரு வெள்ளி கொடுத்த காலம்

சிங்கப்பூருக்குத் தனியாகக் கோடை என்று ஒன்று இல்லை. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே கிடக்கிற ஊர். பன்னிரண்டு மாதமும் புழுக்கம்தான். ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் ஊருக்கே ஒரு பரபரப்பு வந்துவிடும். பள்ளிகளுக்கு நான்கு வார விடுமுறை. அந்த முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் அழைப்பிதழ்களைப் படித்து முடிக்கவே ஒரு விடுமுறை வேண்டும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் மாணவர் முகாம், நூலகத்தில் கதை நேரம், இந்திய மரபுடைமை நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கைவினை, சமூக மன்றத்தில் பட்டிமன்றம், எழுத்தாளர் கழகத்தின் மாதாந்திரக் கதைக்களம், கோயில் மண்டபத்தில் ரத்த தானம். அழைப்பிதழின் அடியில் ஆதரவாளர்களின் சின்னங்கள் வரிசைகட்டி நிற்கும். அதற்கும் கீழே, 'அனுமதி இலவசம், இரவு உணவு வழங்கப்படும்'. கூட்டம் எதைப் பார்த்து வரும் என்று ஏற்பாட்டுக் குழுவுக்குத் தெரியாதா!

இவ்வளவு நிகழ்ச்சி நடத்தும் ஊரில், ஒரு காலத்தில் கூட்டம் போடுவதென்றால் முதலில் துண்டேந்த வேண்டியிருந்தது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியபோது அரசு மானியம் என்ற பேச்சே இல்லை. சாதியை விடு, கள்ளை விடு, பிள்ளையைப் படிக்க வை என்று துறைமுகக் கூலிகளிடமும் நகராட்சித் தொழிலாளிகளிடமும் பேசிய சங்கம் அது. கேட்டவர்களிடமே சந்தாவும் வாங்கியது. அதன் உயிராக இருந்தவர் திருவாரூரிலிருந்து 1924இல் இங்கே வந்த கோ. சாரங்கபாணி. 1935 ஜூலை 6ஆம் தேதி அவர் தொடங்கிய 'தமிழ் முரசு' முதலில் வார இதழ். ஒரு காசுக்கு விற்றார்கள். தொழிலாளி கையில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு.

1952இல் அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாள்தான் இன்றைய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கும் தாத்தா. பொங்கலை ஒட்டி, இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்ற பேதம் பாராமல் தமிழர் எல்லாரும் ஒரே மேடையில் கூடுவது என்ற யோசனை அந்த நாளில் சின்ன விஷயமல்ல. அதுவரை கூட்டம் என்றால் ஊர்க்காரர் கூட்டம், கோயில் கூட்டம், சாதிக் கூட்டம். திருநாள் அதை உடைத்தது. சிங்கப்பூரில் மட்டுமன்றி மலாயா முழுவதும் பரவியது. 'தமிழ் முரசு'க்குள் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பகுதி வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தார். பின்னாளில் இங்கே பெயர் பெற்ற எழுத்தாளர் பலர் அதில் கைபழகியவர்கள்.

அதே பத்தாண்டில் நடந்த இன்னொன்றை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத்துறை ஒன்று அமைக்கப் பேச்சு நடந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் கொடுக்கலாம் என்ற யோசனை வந்தபோது, இங்குள்ள இந்தியரில் பெரும்பாலோர் தமிழர், தமிழ்தான் வேண்டும் என்று சாரங்கபாணி போர்க்கொடி தூக்கினார். வெறும் கூச்சலோடு நிற்கவில்லை. நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பல்கலைக்கழக வாசலை மிதிக்கவே போகாத தொழிலாளிகள், தங்கள் பிள்ளை படிப்பானா என்றுகூடத் தெரியாதவர்கள், அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. தமிழும் அங்கே நிலைத்தது.

ஊர்ச் சங்கங்களையும் குறைத்துப் பேச முடியாது. தஞ்சோங் பகார் பக்கம் குடியிருந்த கடையநல்லூர்க்காரர்களின் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கியது. சிறு வியாபாரிகளும் உடலுழைப்பாளிகளும் போட்ட காசு. அது உயர்நிலைப் பள்ளி வரைக்கும் வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. தீவின் கடைசித் தமிழ்ப் பள்ளி அதுதான். பெயர் மட்டும் பிழைத்தது. இன்று பீட்டி ரோட்டில் கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, ஆசிரியர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பழைய பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டும் உத்தரவாதமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய சங்கங்கள் ஏன் தளர்ந்தன என்பதற்கு ஒருவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்ததில் ஒரே தெருவில் இருந்தவர்கள் தீவின் நான்கு மூலைக்கும் சிதறினார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது கடற்படைத் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல ஊர் திரும்பின. 1974இல் சாரங்கபாணி மறைந்தார். இதற்கு நடுவே 1960இல் அமைந்த மக்கள் கழகம் பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றம் கட்டியது. மண்டபம், ஒலிபெருக்கி, நாற்காலி எல்லாம் அங்கே தயாராக இருந்தன. உட்பூசலும் கணக்குத் தகராறும் பழைய சங்கங்களில் கொஞ்சமா நஞ்சமா? தலைவர் போனால் சங்கமும் படுத்துவிடும் என்பதுதான் அந்தக் காலத்து நடப்பு.

அந்தப் பலவீனத்துக்கு மருந்தாக வந்தது சிண்டா. இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் 1991இல் தொடங்கியது. பீட்டி ரோட்டில் அலுவலகம். நிதிக்குத் துண்டேந்த வேண்டியதில்லை. வேலை பார்க்கும் சிங்கப்பூர் இந்தியர் ஒவ்வொருவர் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு தொகை தானாகப் பிடித்தமாகிவிடும். மிகக் குறைந்த சம்பளக்காரருக்கு 1 வெள்ளி, மேலே போகப் போக 30 வெள்ளி வரை. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம். துணைப்பாட வகுப்பு, குடும்பங்களுக்கு ஆலோசனை, கைம்முதல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகப் பை என்று அது செய்திருக்கும் வேலையைப் பழைய சங்கம் எதுவும் கனவுகூடக் கண்டிருக்காது.

அன்றும் ஒரு வெள்ளி, இன்றும் ஒரு வெள்ளி. ஆனால் அன்று கொடுத்தவர் கூட்டத்துக்கு வந்தார், கணக்குக் கேட்டார், சண்டை போட்டார், மறுநாள் மேடைக்குத் தோரணமும் கட்டினார். இன்று சம்பளச் சீட்டில் அந்த வரியைக் கவனிப்பவர்களே குறைவு. பணம் ஒழுங்காகப் போகிறது, ஆள் போவதில்லை.

இந்தக் கணக்கில் சேராத ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலிருந்து கேம்பல் லேன் வரை நடந்து பாருங்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தம்பிகள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் என்று பேச்சிலேயே ஊர் தெரியும். பணம் அனுப்பும் கடை முன் வரிசை. அரிசி மூட்டை அடுக்கிய கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீட்டோடு வீடியோவில் பேச்சு. 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் நான்கு மாடிக் கண்ணாடி முகப்பு அவர்களுக்குப் படம் பிடித்துக்கொள்ள நல்ல பின்னணி. உள்ளே இருப்பது கூலியாக வந்த அந்தக் காலத்துத் தமிழனின் கதை. வெளியே நிற்பவன் இந்தக் காலத்து ஆள்.

இவர்களுக்கும் தொண்டு அமைப்புகள் இல்லாமலில்லை. விபத்தில் அடிபட்டோ, சம்பளம் கிடைக்காமலோ வழக்கு முடியும் வரை வேலை பார்க்க அனுமதியின்றித் தவிப்பவர்களுக்கு, டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் லிட்டில் இந்தியா உணவகங்களில் இலவசச் சாப்பாடு போடுகிறது. 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் பார்க்கிறது. தொண்டூழியர்களில் எல்லா இனத்தவரும் உண்டு. ஆனால் இந்த ஆட்களை ஊர் பார்க்கும் விதம் வேறாகிவிட்டது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து மோதித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறக்க, அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதையொட்டி 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கொவிட் காலத்தில் இவர்கள் தங்கும் விடுதிகள் அடைக்கப்பட்டன. 2022 ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்தபோதும், லிட்டில் இந்தியா உட்பட நான்கு இடங்களுக்கு ஞாயிறும் பொது விடுமுறையும் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், நாளுக்கு 80,000 பேர் என்று விதி வந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு டீ குடிக்க அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது!

இவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014இல் வங்காளதேசத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி அடுத்த ஆண்டே தமிழுக்கும் பிற மொழிகளுக்கும் விரிந்தது. மேடை கிடைத்தவுடன் எழுதினார்கள். அந்த மேடையை முதலில் போட்டது நம் தமிழ் அமைப்புகளில் ஒன்றல்ல என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம் நிகழ்ச்சிகளில் பாதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அந்த நேரம் கட்டுமானத் தம்பி கூடுதல் நேர வேலையில் இருப்பான், இல்லையென்றால் லோரியில் விடுதிக்குப் போய்க்கொண்டிருப்பான். மீதியில் பல அவன் கால் வைக்கத் தயங்கும் குளிர்சாதன அரங்குகளில், இணைய முன்பதிவோடு. 1952இல் தமிழர் திருநாளுக்கு வந்த துறைமுகத் தொழிலாளி விருந்தாளி அல்ல, வீட்டுக்காரன். இன்றைய தொழிலாளியைத் தீபாவளிக்கு ஒரு நாள் அழைத்துப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவைக்கிறோம்.

அமைப்புகளின் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூனில் ஒரே ஒரு நிகழ்ச்சியையாவது ஞாயிறு பிற்பகலில், சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து வரும் தூரத்தில், முன்பதிவு இல்லாமல் வையுங்கள். அதன் ஏற்பாட்டுக் குழுவில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள். சந்தா கேட்டால் கொடுப்பார்கள்.