நீல ரிப்பனுக்கு ஊசியும் பூவும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆகஸ்ட் பிறந்தால் மாநிலப் பொருட்காட்சி களைகட்டிவிடும். 1854-இல் தொடங்கிய இந்தக் காட்சியில் ஆடுமாடு, சோளத்தோடு வீட்டில் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளும் தோட்டத்துப் பூக்களும் போட்டிக்கு வரும். முதல் பரிசுக்கு நீல ரிப்பன்.

போர்வை, பூ இரண்டிலும் கலந்துகொள்ள நினைப்பவர் காலண்டரைப் பார்த்துத்தான் வேலையைப் பிரிக்க வேண்டும். குளிர்காலம் தையலுக்கு. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கே மாதங்கள் ஓடிவிடும். மே மாதம் உறைபனி விலகியதும் மண்வெட்டி கைக்கு வந்துவிடும். ஜின்னியா, விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். டேலியாவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும்.

டேலியாவில் பெரிய பூ வேண்டுமா? நடு மொட்டை விட்டுவிட்டுப் பக்க மொட்டுகளைச் சின்னதிலேயே கிள்ளிவிட வேண்டும். வெயில் ஏறுமுன் காம்போடு வெட்டி, உடனே தண்ணீரில் நிறுத்த வேண்டும்.

போர்வைக்கு வேறு சோதனை. தையல் ஒரே சீராக இருக்கிறதா, மூலைகள் சதுரமாக நிற்கின்றனவா, ஓரப்பட்டிக்குள் பஞ்சு நிரம்பியிருக்கிறதா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். பென்சில் கோடு, நூல் பிசிறு, பூனை முடி எதுவும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. ஓரம் தைக்கும் வேலையைக் கோடைக்கு மிச்சம் வைத்தவர், களை பிடுங்கிய கையை நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெள்ளைத் துணியைத் தொட வேண்டும்.