டிபன் பாக்சை பார்த்து திட்டு... சாப்பாட்டை ஒளித்து வைத்த ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமிகள்!

லண்டன்:
பள்ளிக்கூடத்தில் பையை சோதனை போட்டால் செல்போன் சிக்கும். ஆனால் பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கு வந்த சிறுமிகளின் பைகளையும், தங்கும் அறைகளையும் சில கோச்சுகள் சோதனை போட்டார்கள். அவர்கள் தேடியது என்ன தெரியுமா? சாப்பாடு!

சாக்லெட் சிக்கினால் எல்லார் முன்னாடியும் திட்டு. கொஞ்சம் சதை போட்டிருந்தால் கிண்டல். விளைவு? பிள்ளைகள் சாப்பாட்டை ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் தின்ன ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு 20 மணி, 30 மணி நேரம் குதித்து, தொங்கி, குட்டிக்கரணம் போடுகிற, வளர்கிற வயசுப் பிள்ளைகள் இவர்கள்.

வெளியே வந்தது எப்படி?

2020-ம் ஆண்டு ஜூலையில் வீராங்கனைகள் பெக்கி டவுனி, எல்லி டவுனி சகோதரிகள் உள்பட பலர் வாய் திறந்தார்கள். பயிற்சிக் கூடங்களில் நடந்ததை பகிரங்கமாகச் சொன்னார்கள். உடனே வக்கீல் ஆன் வைட் தலைமையில் விசாரணை தொடங்கியது. 400-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் குவிந்தன. அதில் பாதிக்கு மேல் மனரீதியான கொடுமை பற்றியது.

2022 ஜூனில் அறிக்கை வெளியானது. சாப்பாடு, எடை விஷயத்தில் நடந்த கெடுபிடிகளை ‘எடை மெஷினின் கொடுங்கோல்’ என்றே வர்ணித்தார் ஆன் வைட். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் தலைமை அதிகாரி சாரா பவல் மன்னிப்பு கேட்டார்.

கோச்சுக்கு ஏன் டிபன் பாக்ஸ் மேல் கண்?

கோச்சுகள் போடுகிற கணக்கு இதுதான். உடம்பு சின்னதாக, லேசாக இருந்தால் காற்றில் சுற்றுவது சுலபம். தரையில் குதித்து நிற்கும்போது உடம்பின் எடையைப் போல பல மடங்கு பாரம் காலில் இறங்கும். எடை குறைந்தால் அந்த அடியும் குறையும். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் கணக்கு பாதியில் நிற்கிறது. சுற்றுவதற்கு எடை குறைந்தால் மட்டும் போதுமா? எம்பிக் குதிக்க சதையில் பலம் வேண்டாமா? அந்த பலம் சாப்பாட்டில் இருந்துதான் வரணும். வயிறு காய்ந்தால் கை பிடி நழுவும், கவனம் சிதறும். 10 சென்டிமீட்டர் அகல மரக்கட்டை மேல் தலைகீழாகப் புரளும் பிள்ளைக்கு ஒரு நொடி தலை சுற்றினால் என்ன ஆகும்?

எலும்பும் போகும்

உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். எலும்பு பலவீனமாகி லேசாக விரிசல் விடும். அடிக்கடி காய்ச்சல், சோர்வு வரும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ‘ரெட்-எஸ்’ என்று பெயர் வைத்து எச்சரித்தது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும்.

உயிரே போன கதையும் உண்டு. அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச், 1989 தேசிய போட்டியில் 2-வது இடம் பிடித்தவர். அதற்கு முந்தைய ஆண்டு புடாபெஸ்ட் நகரில் ஒரு நடுவர், “எடையைக் குறைக்கணும்” என்று அவரிடம் சொன்னாராம். அதன்பிறகு சாப்பாட்டையே வெறுக்கும் நோயில் விழுந்தார். ஒரு கட்டத்தில் எடை 21 கிலோ! 1994 ஜூலையில் இறந்தபோது வயசு வெறும் 22.

‘பசி தாங்குகிற சின்னப் பொண்ணுதான் ஜெயிக்கும்’ என்பதும் பழைய கதை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் 27 வயதில் தங்கம் வென்றார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் களம் இறங்கினார்.

இப்போது என்ன ரூல்?

பிரிட்டனில் 2023 ஜனவரியில் புது விதி வந்தது. 10 வயது வரை உள்ள பிள்ளைகளை எடை மெஷினில் ஏற்றவே கூடாது. அதற்கு மேல் என்றால் சம்மதம் கட்டாயம். 18 வயதுக்குள் இருந்தால் பெற்றோரும் சம்மதிக்கணும். அப்போதும் எடை பார்க்க வேண்டியது டாக்டர் அல்லது தகுதி உள்ள விளையாட்டு அறிவியல் நிபுணர். கோச் அல்ல! சாப்பிட, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக பிள்ளைகளுக்கு இடைவேளை தரணும் என்றும் வழிகாட்டுதல் வந்தது.

அப்படியானால் கோச் சாப்பாடு பற்றி பேசவே கூடாதா? பேசலாம். ‘பயிற்சிக்கு கொஞ்ச நேரம் முன்னாடி எண்ணெய் பலகாரம் வேண்டாம், குமட்டும். வாழைப்பழமோ, ரொட்டியோ கொண்டு வா’ என்பது அறிவுரை. எல்லார் முன்னாடியும் டப்பாவைத் திறந்து ‘இதைத் தின்னா குண்டாயிடுவே’ என்பது அவமானம். எந்த சாப்பாடு, எவ்வளவு என்ற கவலை இருந்தால் பெற்றோரிடம் தனியாகச் சொல்லணும்.

பெற்றோரே கவனிங்க

பயிற்சிக்குப் போகிற பிள்ளை டிபனை அப்படியே திருப்பிக் கொண்டு வருதா? சாப்பாட்டை ஒளித்து வைக்குதா? கண்ணாடி முன்னாடி நின்று ‘நான் குண்டா?’ன்னு அடிக்கடி கேட்குதா? மாதவிலக்கு நின்று போச்சா? எலும்பு வலி திரும்பத் திரும்ப வருதா? உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்க. பிள்ளையைத் திட்டாமல், ‘கோச் என்ன சொன்னார்?’ என்று பக்குவமாகக் கேளுங்க. மெடல் அடுத்த வருஷம்கூட வாங்கலாம். வளர்கிற வயசில் இழந்த எலும்பு பலம் முழுசாகத் திரும்பாமலே போகலாம்.