திரையில் தோன்றாத கதாநாயகன்

கலிபோர்னியாவின் மான்டெரே பகுதி, 2019 ஆகஸ்ட் 15. பழைய கார்களை நேசிக்கிறவர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டில் திரளும் இடம் அது. அங்கே ஆர்.எம். சோதபீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வெள்ளி நிறத்தில் ஒரு கார் வந்தது. ஏலம் முடிந்தபோது விலை 63 லட்சத்து 85 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 45 கோடி ரூபாய்!

1965ஆம் ஆண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5. ஜேம்ஸ் பாண்டின் கார் என்று உலகமே அடையாளம் சொல்லும் மாடல். ஆனால், இந்தக் கார் எந்தப் பாண்ட் படத்திலும் ஒரு நொடிகூட வந்ததில்லை.

1964ல் இதே மாடல் கார் வந்த பாண்ட் படமான 'கோல்ட்ஃபிங்கர்' பெரிய வெற்றி பெற்றது. அடுத்த படமான 'தண்டர்பால்' விளம்பரத்துக்காக, பாண்ட் படங்களைத் தயாரிக்கும் ஈயான் நிறுவனம் இரண்டு டிபி5 கார்களை வாங்கி, அமெரிக்காவில் ஊர் ஊராகக் காட்டியது. அதில் ஒன்றுதான் இது. பிறகு டென்னசி மாநிலத்தில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் 35 ஆண்டுகள் காட்சிப் பொருளாக இருந்தது. 2006ல் ஏலத்துக்கு வந்தபோது 20 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்குப் போனது. அடுத்த 13 ஆண்டுகளில் விலை மூன்று மடங்கானது. அந்த இடைவெளியில்தான் சுவிட்சர்லாந்தின் ரூஸ் இன்ஜினியரிங் பட்டறை இந்தக் காரை முழுதாகப் புதுப்பித்தது.

அந்த உழைப்பின் அருமை புரிய வேண்டுமானால், இந்தக் கார் பிறந்த விதம் தெரிய வேண்டும். டிராக்டரும் கியரும் செய்துவந்த டேவிட் பிரவுன், 1947ல் ஆஸ்டன் மார்ட்டினை வாங்கினார். 'டிபி' அவருடைய பெயரின் முதலெழுத்துகள். இங்கிலாந்தின் நியூபோர்ட் பாக்னல் ஊரில் 1963 முதல் 1965 வரை ஆயிரத்துச் சொச்சம் டிபி5 கார்களே உருவாயின. 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 282 குதிரைத்திறன். நெடுந்தூரத்தை வேகமாகவும் அலுப்பில்லாமலும் கடப்பதற்கென்றே செய்த 'கிராண்ட் டூரர்' வகை.

இதன் உடல் மிலான் நகரத்து டூரிங் நிறுவனத்தின் 'சூப்பர்லெஜ்ஜெரா' முறையில் அமைந்தது. மெல்லிய இரும்புக் குழாய்களை இணைத்து முதலில் ஒரு கூடு. அதன்மேல் கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகடு. எடை குறையும், அழகு கூடும். ஆனால், அலுமினியமும் இரும்பும் ஒட்டுகிற இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு உள்ளுக்குள்ளேயே பரவும். மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் தகடு பொடியாக உதிரும். அதனால் இப்படியொரு காரைப் புதுப்பிப்பது டிங்கரிங், பெயின்டிங்கோடு முடிகிற வேலையல்ல. தகட்டைப் பிரித்து, குழாய்க் கூட்டைச் சரிசெய்து, மறுபடி கையால் பொருத்த வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்னால் தட்டியவரின் கை எந்த வளைவில் நின்றதோ, அதே வளைவில் இன்றைய கையும் நிற்க வேண்டும்.

இந்தக் காருக்கு இன்னொரு சவாலும் இருந்தது. 'கோல்ட்ஃபிங்கர்' படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஜான் ஸ்டியர்ஸ் வடிவமைத்த 13 சாகச அமைப்புகள் இதில் உண்டு. சுழலும் நம்பர் பிளேட், பின்புறம் எழும்பும் குண்டு துளைக்காத கவசம், புகைத்திரை, ரேடார் திரை... ரூஸ் பட்டறை அவை அத்தனையையும் இயங்க வைத்தது. விளக்குகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் துப்பாக்கிகள் மட்டும் சுடாது, பாவனை காட்டும்.

'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் சாகசம் காட்டிய காரின் கதையோ வேறு. அதன் கருவிகளைக் கழற்றிவிட்டு, 1968ல் சாதாரணக் காராகவே விற்றுவிட்டார்கள். பின்னர் கைமாறி, 1997ல் ஃபுளோரிடாவின் போகா ரட்டோன் விமான நிலையக் கொட்டகையிலிருந்து திருடுபோனது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. புகழ் ஒரு பொருளைக் காப்பாற்றுவதில்லை. பராமரிக்கிற கைகள்தான் காப்பாற்றுகின்றன. ஏலத்தில் வாங்கியவரின் செல்வத்தைப் பற்றிப் பேசுகிற நாம், அரித்த தகட்டைப் பொறுமையாகப் பிரித்த தொழிலாளிகளைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களுடைய வேலையால்தான், 1965ன் அந்த நம்பர் பிளேட் இன்றும் ஒரு சுவிட்சைத் தட்டினால் சுழல்கிறது.