டைப்ரைட்டிங் போய் எக்செல் வந்தது

மாதுங்காவில் வந்திறங்கிய நம்மவர் பலருக்கு அந்நாளில் சோறு போட்டவை டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும்தான். இன்று தாராவியிலும் செம்பூரிலும் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் இருப்பது எக்செல்.

2001-இல் அமைந்த எம்.கே.சி.எல். நிறுவனம் நடத்தும் எம்.எஸ்.சி.ஐ.டி. சான்றிதழைப் பலரும் வாங்கிவிடுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அது அரிச்சுவடி. கட்டங்களில் பெயரையும் தொகையையும் அடித்து நிரப்புவது பழைய டைப்பிங் வேலையே. ஒரு தாளிலுள்ள எண்ணைக் கொண்டு இன்னொரு தாளில் விவரம் தேடும் விலுக்கப், ஆயிரக்கணக்கான வரிகளை இனவாரியாகத் தொகுக்கும் பிவட் டேபிள் ஆகியவை அதற்கு மேற்படிகள். எங்கள் ஸ்டோர்ஸ் லெட்ஜரில் குமாஸ்தாக்கள் நாள்கணக்கில் கூட்டியதை இது நொடியில் கூட்டிவிடும்.

ஆனால் பொத்தான் தெரிந்தால் மட்டும் போதாது. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பில் ஏற்றியது. அந்தக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் தாமதமாயிற்று. அனுப்பிய வரி எத்தனை, ஏறிய வரி எத்தனை என்று ஒருவர் ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இந்த ஒப்பிடும் பழக்கத்தை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

லிப்ரே ஆபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் பழகினால் எக்செல் கைவர நாளாகாது. உங்கள் வீட்டு ஏலச்சீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். யார் எடுத்தார், யார் பாக்கி என்பதைச் சூத்திரமே சொல்லும்படி செய்யட்டும். பிறகு நோட்டுப் புத்தகத்தோடு சரிபார்க்கச் சொல்லுங்கள்.